புது எடிஷன் வந்தால் ஏன் மேசை இரண்டாகிறது?

தென்னாப்பிரிக்கா டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி, சுருக்கித் தருகிறேன். ஆறு பேர் சேர்ந்து நாலைந்து வருஷமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற சாகசக் கதை விளையாட்டு, 2014 விதிப் புத்தகத்தை வைத்து. 2024 புத்தகம் வந்ததும் இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள், மூன்று பேர் இருப்பதே போதும் என்கிறார்கள், ஆட்டத்தை நடத்தும் டிஎம் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. "ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்துக்கு ஏன் அண்ணா இவ்வளவு கோபம், இது எப்போதும் இப்படித்தானா, நாங்கள் எதை வாங்குவது?"

வாங்கும் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். எப்போதும் இப்படித்தானா என்றால், கிட்டத்தட்ட ஆமாம். ஆனால் எல்லாச் சண்டையும் ஒரே அளவு இல்லை. சில மாற்றங்கள் முணுமுணுப்போடு போய்விட்டன, சிலவற்றில் வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எந்த அளவுக்கு விதி மாறியது என்பதை வைத்து இதைக் கணிக்கவே முடியாது. புதியதை வெளியிட்ட கம்பெனி பழையதை ஆடுகிறவனுக்குக் கதவைத் திறந்து வைத்ததா, முகத்தில் அறைந்து சாத்தியதா, அதைத்தான் பார்க்க வேண்டும். என் கட்சி இதுதான், மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

சண்டைகளில் எப்போதும் ஒருவர் வந்து "உன் பழைய புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லையே, அதையே ஆடிக்கொள்" என்பார். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் அது யாரையும் சமாதானப்படுத்தி நான் பார்த்ததில்லை. நாவல் என்றால் பழைய பதிப்பை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். இதைத் தனியாக ஆட முடியாதே. 1989 புத்தகம் உங்களுக்கு உயிராக இருக்கலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி அதை ஆட இன்னும் நாலு பேர் வேண்டும், புதிதாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கடையில் இருக்கும் புதுப் புத்தகத்தோடுதான் வருவார்கள். அதாவது எங்கோ அமெரிக்காவில் ஒரு கம்பெனி அச்சடிக்கிற புத்தகம், உங்கள் மேசையில் அடுத்த வருஷம் யார் உட்காருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. லண்டனிலோ சிகாகோவிலோ இருப்பவனுக்கு இது பெரிய விஷயமில்லை, எந்த எடிஷனுக்கும் அங்கே ஆள் கிடைக்கும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இங்கே ஆர்வமும் இருந்து, வெள்ளிக்கிழமை வேலையும் இல்லாமல், ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பக் காரும் இருக்கிற ஆட்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்களில் இரண்டு பேர் வேறு எடிஷனுக்குப் போனால் உங்கள் ஆட்டமே நின்றுவிடும். உங்கள் வாட்ஸ்அப் கோபத்தில் பாதி இந்தப் பயம்தான், விதியைப் பற்றியது மாதிரி வெளியே வருகிறது.

அப்புறம் காசு. அமெரிக்கர்கள் இதைப் பேசும்போது "பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஐம்பது டாலர், இதற்கா புலம்பல்" என்பார்கள். அவர்கள் கணக்கில் சரிதான், 2014-ல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற அடிப்படைப் புத்தகம் 49.95 டாலர், 2024-ல் 49.99 டாலர். நம் கணக்கு வேறு. 2014-ல் டாலருக்குப் பத்தே முக்கால் ரேண்ட் போல இருந்தது, 2024 செப்டம்பரில் பதினேழரைக்குப் பக்கம். ஏறத்தாழ 535 ரேண்ட் புத்தகம் 875 ஆகிவிட்டது, அதுவும் கப்பல் கூலியும் 15 சதவீத வாட்டும் கடைக்காரரின் பங்கும் சேருவதற்கு முன்னால். 2000-ல் மூன்றாம் எடிஷன் 19.95 டாலருக்கு வந்தபோது அது வெறும் 140 ரேண்ட். டிஎம் ஆக வேண்டுமென்றால் ஒன்றல்ல, மூன்று புத்தகம். ஆகவே "இருப்பதே போதும்" என்கிற உங்கள் மூன்று பேரைப் பழமைவாதிகள் என்று திட்டாதீர்கள், அவர்களில் ஒருவராவது மாதச் சம்பளத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம், இங்கேதான் சுவாரசியம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய முதல் விளையாட்டு ஒரு சின்னப் பெட்டியில் மூன்று குட்டிப் புத்தகங்களாக வந்தது, முதலில் அச்சடித்தது 1000 பிரதி. மூன்றே வருஷத்தில் அது இரண்டு கிளையாகப் பிரிந்தது, ஆரம்பநிலைக்காரர்களுக்கு ஒரு எளிய பெட்டி, கனமான விதிகளோடு 'அட்வான்ஸ்டு' என்று இன்னொன்று. இந்த இரண்டும் கிட்டத்தட்ட இருபது வருஷம் பக்கம் பக்கமாக விற்றன. எளியதை ஆடுகிறவர்களை மற்றவர்கள் சின்னப் பிள்ளைகள் என்று கேலி செய்ததெல்லாம் உண்டு, ஆனால் இரண்டுக்கும் கடையில் புத்தகம் கிடைத்ததால் கேலியோடு முடிந்தது.

முதல் பெரிய மனக்கசப்பு 1989-ல், அட்வான்ஸ்டின் இரண்டாம் எடிஷனோடு. இதில் விதி மாற்றம் உண்மையில் கொஞ்சம்தான், பழைய சாகசக் கதைகளை அப்படியே ஆடலாம். கோபம் வேறு இடத்தில். கைகாக்ஸ் 1985-லேயே கம்பெனியின் கட்டுப்பாட்டை இழந்து அடுத்த வருஷம் வெளியேறியிருந்தார், அவர் கை படாத எடிஷன் இது என்பது ஒன்று. இன்னொன்று, பேய் பிசாசுகளை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அப்போது இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெற்றோர் அமைப்புகளும் சபைகளும் கொதித்துக்கொண்டிருந்தன. டெமன், டெவில் என்ற பெயர்கள் போய், இரண்டு வருஷம் கழித்து டனாரி, பாட்டேசு என்று வாயில் நுழையாத பெயர்களோடு அதே பிசாசுகள் திரும்பி வந்தன. அசாசின், ஹாஃப்-ஆர்க் மாதிரி கதாபாத்திர வகைகள் எல்லாம் அடிப்படைப் புத்தகத்திலிருந்து காணாமல் போயின. "பயந்து போய் எங்கள் விளையாட்டை மொட்டையடித்துவிட்டார்கள்" என்று பழைய ஆட்டக்காரர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. இதை இங்கே உட்கார்ந்து சிரித்துவிடவும் முடியாது, 1992-ல் அமானுஷ்யக் குற்றங்களுக்கென்று போலீஸில் தனிப் பிரிவே தொடங்கிய நாடு இது. நம் வீடுகளில் சைவக் குடும்பமா பெந்தெகொஸ்தே குடும்பமா என்பதைப் பொறுத்து அந்தப் புத்தக அட்டைக்குக் கிடைத்த வரவேற்பும் மாறியது. எனக்குச் சிரிப்பு வருவது இன்னொன்றுக்கு: 1980-ல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற புத்தகத்தில் இந்திரன், விஷ்ணு, காளி, எமன் எல்லோருக்கும் ஹிட் பாயிண்ட் போட்டு, எத்தனை அடி அடித்தால் விழுவார்கள் என்று கணக்கே இருக்கிறது. அதைப் பார்த்திருந்தால் எங்கள் ஆயா என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

இரண்டாம் எடிஷன் காலத்தின் தாக்கோ கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போது கவச எண் குறையக் குறைய நல்லது, பத்து என்றால் வெறும் உடம்பு, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் இரும்புக் கோட்டை. கவசம் பூஜ்ஜியமான எதிரியை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண்தான் தாக்கோ. உங்கள் தாக்கோ 17, எதிரியின் கவசம் 3 என்றால் கழித்து, இருபது முகப் பகடையில் 14 விழ வேண்டும். 2000-ல் மூன்றாம் எடிஷன் இதைத் திருப்பிப் போட்டது: கவசம் 17, உங்கள் தாக்குதல் கூட்டல் 3, ஆக 14 விழ வேண்டும். பார்த்தீர்களா, அதே 14. நிகழ்தகவு இம்மியும் மாறவில்லை, கழித்தல் கூட்டலானது, அவ்வளவுதான். இதற்கும் சண்டை போட்டார்கள்! கழித்தல் தெரியாத பிள்ளைகளுக்காக விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று. கிண்டல் செய்யலாம், ஆனால் உள்ளே ஒரு உண்மை இருக்கிறது, பத்து வருஷம் ஆடி மனக்கணக்காக வந்த ஒன்று ஒரே நாளில் மதிப்பிழந்தது. ராட்சசனை எடுத்துக்கொள்ளுங்கள், புலித்தலையும் திருப்பி வைத்த உள்ளங்கையுமாக இந்த விளையாட்டில் திரிகிற ராட்சசன், நம் ராமாயணத்து ஆள் இல்லை, எழுபதுகளின் அமெரிக்க டிவி பேய்த்தொடர் ஒன்றின் எபிசோடிலிருந்து வந்தவர். 1977 புத்தகத்தில் குரு ஆசீர்வதித்த ஒரு குறுக்கு வில் அம்பு பட்டால் அவர் கதை முடிந்தது. 2014-ல் அந்த ரகசியம் தெரிந்தவனுக்குக் கிடைப்பது, நல்ல குணமுள்ளவன் மாய ஆயுதத்தால் குத்தினால் இரட்டைக் காயம், அவ்வளவே. அம்பை ஆசீர்வதித்து வைத்திருந்த பழைய ஆள் ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு எடிஷனும் இப்படிச் சேர்த்து வைத்த அறிவைக் கொஞ்சம் கொஞ்சம் செல்லாக்காசாக்குகிறது.

அப்படியிருந்தும் 2000-ல் ஏன் பெரிய பிளவு வரவில்லை? அதற்குமுன் எதையும் இவ்வளவு மாற்றியதில்லை. காரணம், பழைய கம்பெனி கடனில் மூழ்கி 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டுக்கு விற்கப்பட்டிருந்தது, விளையாட்டே செத்துவிடும் என்று பயந்திருந்தவர்களுக்கு உயிரோடு வந்ததே பெரிது. அதைவிட முக்கியம், ஓஜிஎல் என்ற திறந்த உரிமம். அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் புத்தகத்தில் போட்டு விற்கலாம், கட்டணம் இல்லை. முதல் எடிஷன் ஆட்கள் பிற்பாடு, 2006 வாக்கில், இதே உரிமத்தைப் பயன்படுத்தித்தான் தங்கள் பழைய விதிகளைப் புதுப் பெயரில் மறுபடி அச்சுக்குக் கொண்டு வந்தார்கள். மாற்றம் பெரிது, கதவும் பெரிது.

இப்போது நான்காம் எடிஷன், 2008. எடிஷன் சண்டை என்று யாராவது பொதுவாகச் சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

விதிகளைப் பார்த்தால் நான்காவது ஒரு புத்திசாலித்தனமான வேலை, இதைச் சொன்னதற்காகவே என்னோடு சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மூன்றாம் எடிஷனில் பத்து லெவலுக்கு மேல் மந்திரவாதி மலையைப் பெயர்ப்பான், போர்வீரன் "நானும் ஒரு வெட்டு வெட்டுகிறேன்" என்று உட்கார்ந்திருப்பான். நான்காவது எல்லோருக்கும் ஒரே அச்சில் திறமைகளைக் கொடுத்தது, சில எப்போதும், சில ஒரு சண்டைக்கு ஒரு தடவை, சில நாளைக்கு ஒரு தடவை. டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கண்ட்ரோலர் என்று வேலையைப் பிரித்தது. டிஎம்முக்கு ஒரு சண்டையைத் தயார் செய்ய அரை மணி போதும், மூன்றாவதில் ஒரு மாலைப் பொழுது போகும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அச்சு என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற புகாரும் வரத்தானே செய்யும். வார்லார்டு என்ற தளபதி தூரத்திலிருந்து ஒரு அதட்டல் போட்டால் அடிபட்டவனின் ஹிட் பாயிண்ட் ஏறும். கத்தினால் காயம் ஆறுமா என்று ஒரு கட்சி, ஹிட் பாயிண்ட் என்பது காயம் மட்டுமில்லை, தெம்பும் தைரியமும் சேர்ந்ததுதான் என்று கைகாக்ஸே எழுதியிருக்கிறாரே என்று எதிர்க்கட்சி, இது இன்றுவரை தீரவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டைக் காப்பியடித்துவிட்டார்கள் என்பது அந்த நாளின் பொதுத் திட்டு. குள்ள நோம் இனம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலிருந்து எதிரிகளின் பட்டியலான மான்ஸ்டர் மேனுவலுக்குத் தள்ளப்பட்டது, பார்ட், ட்ரூயிட் என்ற கிளாஸ்கள், அதாவது கதாபாத்திரத்தின் தொழில்கள், முதல் புத்தகத்தில் இல்லை, இதனால் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை அப்படியே மாற்றிக்கொள்ளப் பலருக்கு வழியே இல்லை.

இதெல்லாம் இருந்தும், கம்பெனி வேறு மாதிரி நடந்திருந்தால் இது 2000 மாதிரி ஓரளவு அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நடந்ததைப் பாருங்கள். டிராகன், டன்ஜன் என்ற இரண்டு பத்திரிகைகளையும் பைசோ என்ற சின்னக் கம்பெனி நன்றாக நடத்திக்கொண்டிருந்தது, 2007-ல் அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பழைய எடிஷனின் மல்யுத்த விதியையும் நோமையும் கிண்டல் செய்து விளம்பர வீடியோ போட்டார்கள், அதாவது நேற்றுவரை புத்தகம் வாங்கியவனைப் பார்த்தே சிரித்தார்கள். ஓஜிஎல்லுக்குப் பதில் ஜிஎஸ்எல் என்று இறுக்கமான உரிமம் கொண்டு வந்தார்கள், அதில் சேருகிற வெளிப் பதிப்பாளர் தன் பழைய வரிசையைக் கைவிட வேண்டிய நிபந்தனை இருந்தது, பிறகு 2009-ல் தளர்த்தினார்கள். அதே 2009 ஏப்ரலில், திருட்டுப் பிரதி என்று காரணம் சொல்லி எல்லா எடிஷனின் பிடிஎஃப் விற்பனையையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள், 2013 வரை அது திரும்பவில்லை. அமெரிக்காவில் இது எரிச்சல், அங்கே பழைய புத்தகக் கடையில் கிடைக்கும். கப்பலில் வரவேண்டிய நமக்கு அந்தப் பிடிஎஃப்தான் கடையே. காசு கொடுத்து நேர்மையாக வாங்க நினைத்த ஆளையும் திருட்டுப் பிரதிக்கு அனுப்பி வைத்த முடிவு அது.

நம் ஊரில் கோயில் கமிட்டி உடைந்தால் கோபித்துக்கொண்டு போனவர்கள் சாமியை விட்டுப் போவதில்லை, அடுத்த தெருவில் அதே சாமிக்கு இன்னொரு கோயில் எழுப்புவார்கள். பைசோ அதைத்தான் செய்தது. பத்திரிகை போனது, புது உரிமம் சரிப்படவில்லை, ஆனால் 2000-ல் கொடுத்த பழைய உரிமத்தைத் திரும்ப வாங்க வழியில்லை என்பதால் மூன்றாவதன் திருத்தமான மூன்றரை எடிஷனின் விதிகளை எடுத்துச் செப்பனிட்டு 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டார்கள். வெளியிடுவதற்கு முன் விதிகளை இலவசமாகக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னார்கள், மனம் நொந்திருந்த கூட்டத்துக்கு யாரோ தங்களைக் கேட்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. 2011-ல் அமெரிக்கக் கடைகளின் கணக்கெடுப்பில் பாத்ஃபைண்டர் விற்பனை அசல் விளையாட்டையே முந்தியது. அதுவரை இந்த விளையாட்டை அதன் சொந்த நகலே முந்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

ஐந்தாம் எடிஷனில் பாடம் படித்துவிட்டு வந்தார்கள். 2012-லேயே அறிவித்து, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விதிகளைக் கொடுத்து ஆடச் சொல்லி, 2014-ல் வெளியிட்டார்கள். எல்லாக் கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது: பழையவர்களுக்கு எளிமை, மூன்றாமவர்களுக்கு இரண்டு கிளாஸைக் கலக்கும் மல்டிகிளாஸும் ஃபீட் என்ற தனித்திறமைகளும், நான்காமவர்களுக்கு முடிவில்லாமல் போடக்கூடிய சின்ன மந்திரங்களும் ஓய்வெடுத்து ஹிட் பாயிண்ட் ஏற்றுகிற வழியும், பெயரை மட்டும் மாற்றி. அடிப்படை விதி இலவச பிடிஎஃப். 2016-ல் ஓஜிஎல்லுக்குள்ளும் வந்தது. அதோடு ஆட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பும் கிரிட்டிகல் ரோல், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர் எல்லாம் சேர்ந்து கூட்டத்தைப் பெருக்கின, இன்று ஆடுகிறவர்களில் ஏராளம் பேருக்கு வேறு எடிஷனே தெரியாது. உங்கள் குழுவும் அதில்தான் வருகிறது, அதனால்தான் இது உங்களுக்கு முதல் சண்டை, எங்களுக்கு எத்தனையாவதோ.

கதவு விஷயம் 2023 ஜனவரியில் மறுபடி வந்தது. ஓஜிஎல்லையே மாற்றி, வருஷம் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்பவர்களிடம் மேற்கொண்ட தொகையில் 25 சதவீதம் வரை கேட்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஒரு விதி கூட மாறவில்லை, கவனியுங்கள், ஒரு பகடை கூட. ஆனாலும் ஆட்கள் கொதித்து, கம்பெனியின் இணையச் சேவையான டி அண்ட் டி பியாண்ட் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள், எந்த எடிஷன்காரன் என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே பக்கம். மாதம் முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் எடிஷனின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் போட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. 2024 ஆகஸ்டில் இன்னொரு சின்ன ஆட்டம்: டி அண்ட் டி பியாண்டில் நீங்கள் பழைய விதியில் வைத்திருக்கும் கதாபாத்திரத்தின் மந்திரங்களும் மாயப் பொருட்களும் தானாகப் புது விதிக்கு மாறிவிடும் என்று அறிவித்தார்கள். கூச்சல் கிளம்பியதும் சில நாளில் கைவிட்டார்கள். காகிதப் புத்தகத்தில் யாரும் வந்து ஒரு வரியை அழித்துவிட்டுப் போக முடியாது, சர்வரில் இருப்பதில் முடியும். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த நாட்களில் டவரும் சேர்ந்து போய், சார்ஜர் விளக்கில் காகித கேரக்டர் ஷீட்டை வைத்து ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது 2024. உண்மையில் இது 1989 மாதிரியான மாற்றம், 2008 மாதிரி இல்லை. பழைய சாகசக் கதைகளை அப்படியே ஓட்டலாம். எது உரசும் என்று சொல்கிறேன், உங்கள் சண்டையும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பாலடின் என்ற புனித வீரனின் ஸ்மைட், அதாவது கூடுதல் காயம் தரும் தெய்வ அடி: 2014-ல் அடி விழுந்த பிறகு யோசித்துப் போடலாம், ஒரே சுற்றில் இரண்டு தடவையும் போடலாம். 2024-ல் அது போனஸ் ஆக்ஷன் என்ற துணைச் செயலாகப் போடும் மந்திரம், சுற்றுக்கு ஒன்று. ட்ரூயிடுகள் எட்டு ஓநாய்களை வரவழைத்து மேசையில் எல்லோரையும் தூங்க வைத்த கன்ஜூர் அனிமல்ஸ் மந்திரம் இப்போது ஒரே ஆவிக் கூட்டம், இதற்காக மட்டும் எழுதியவருக்குக் கோயில் கட்டலாம். ஃபைட்டர், பார்பேரியன் மாதிரி ஆட்களுக்கு வெப்பன் மாஸ்டரி என்று ஆயுதத்துக்கு ஏற்ற கூடுதல் வித்தை, நல்ல யோசனை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் எதிரி விழுகிறானா என்று இன்னொரு பகடை உருட்டுவதில் நேரம் போகிறது. ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க் இரண்டும் முக்கியப் புத்தகத்தில் இல்லை, பழைய புத்தகத்திலிருந்து ஆடலாம் என்கிறார்கள். கதாபாத்திரத்தின் இனத்தைக் குறிக்கும் ரேஸ் என்ற சொல் போய் ஸ்பீஷீஸ் ஆகிவிட்டது. இனவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் ஃபீனிக்ஸுக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இதற்காக அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மற்ற விளையாட்டுகளிலும் இதே கதைதான். கால் ஆஃப் கதுலு 1981-லிருந்து ஆறு எடிஷன் வரை பெரிதாக எதையும் மாற்றவில்லை, 2014-ல் ஏழாவதில் எண்களை எல்லாம் சதவீதமாக்கினார்கள், ஆனால் பழைய எண்ணை ஐந்தால் பெருக்கினால் முடிந்தது என்பதால் பழைய கதைகள் வீணாகவில்லை, சத்தமும் அடங்கிவிட்டது. வேம்பயர் நேர் எதிர்: 2004-ல் பழைய உலகத்தையே முடித்துவிட்டு வேறு ஒன்றை வைத்தார்கள், ஆட்கள் மனம் ஒப்பவில்லை, 2011-ல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு என்று பழையதையே மீண்டும் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

சரி, வாங்குவது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை நடுவில் மாற்றாதீர்கள், அது எந்த விதியில் தொடங்கியதோ அதிலேயே முடியட்டும். அடுத்ததை எதில் ஆடுவது என்பதை டிஎம் சொல்லட்டும், வாக்கெடுப்பு வேண்டாம், ஏனென்றால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் தயார் செய்கிறவர் அவர்தான், அவருக்குப் பிடிக்காத எடிஷனை மூன்று மாதத்துக்கு மேல் யாரும் நடத்தியதில்லை. புதியது என்று அவர் சொன்னால், ஏற்கெனவே இரண்டு பிரதி மேசையில் இருக்கிறது, மற்றவர்கள் ஒரு ரேண்ட் கூடச் செலவழிக்க வேண்டாம்: அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம், 2025 ஏப்ரலில் 5.2 என்ற பெயரில் கிரியேட்டிவ் காமன்ஸிலும் வந்துவிட்டது, அச்சடித்து வைத்துக்கொள்ளச் சட்டப்படி தடையில்லை. டிஎம்மின் புத்தகத்துக்கு மட்டும் ஆறு பேரும் பங்கு போடுங்கள். கலந்து ஆடுவதும் முடியும், ஒரு நிபந்தனையோடு: ஒரு கதாபாத்திரத்தின் கிளாஸ் ஒரு புத்தகத்திலிருந்து மட்டும் வர வேண்டும், மந்திரங்களுக்கு எல்லோருக்கும் ஒரே புத்தகம். பழைய சப்கிளாஸை, அதாவது கிளாஸின் உட்பிரிவை, புதுக் கிளாஸில் ஒட்ட வேண்டுமென்றால் மூன்றாம் லெவலில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். சண்டையின் கடினத்தைக் கணக்கிடும் முறையும் மாறியிருக்கிறது, எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்குகிற பழைய வழி 2024-ல் இல்லை, இரண்டையும் டிஎம் குழப்பினால் முதல் சண்டையிலேயே ஆறு பேரும் செத்துப்போவீர்கள்.

உங்களிடம் பாலடின் ஆடுகிறவர் யாராவது இருந்தால், அவர் பழைய கட்சியில்தான் இருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். அவருக்கு மட்டும் பழைய ஸ்மைட்டைச் சுற்றுக்கு ஒன்று என்ற வரம்போடு விட்டுக்கொடுங்கள், மூன்று பேர் இரண்டாகிவிடுவார்கள், வாட்ஸ்அப் குழுவும் கொஞ்சம் ஓயும்.